நல்ல வாடகைதாரர்

பக்கத்து ஜன்னல் காலியாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த புதிய ஊழியர் கையை ஆட்டிக் கூப்பிட்டும் பார்த்தார். மேவிஸ் கோல்டஸ் அசையவில்லை. "நீ அடுத்த ஆளைப் பாரு கண்ணு. நான் ஜனீனுக்காக நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சக்கரப் பையைக் காலோடு சேர்த்து நிறுத்திக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தபடி அவளைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். ஸ்கார்ன்பி நகராட்சியின் வாடகை அலுவலகத்தில் திங்கட்கிழமை தவறாமல் நடக்கும் கூத்து இது.

திங்கட்கிழமை என்றால் மேவிஸுக்கு உதட்டுச்சாயம் உண்டு, மற்ற நாட்களில் கிடையாது. வெயில் அடித்தாலும் மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருப்பாள். வடகடல் காற்றை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் கரண்டி பிடித்து ஓய்வு பெற்றவள். அவள் வசித்த நகராட்சிக் குடியிருப்பில் பாதிப் பேருக்கு உருளைக்கிழங்கு மசியலைத் தட்டில் தட்டியது அவள் கைதான். வரிசையில் நிற்கும் தாடி வைத்த ஆண்களிடம்கூட, "கேரட்டைத் தொடவே மாட்டியேடா, இப்பவாவது திங்கிறியா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பாள். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு, "திங்கிறேன் மிஸ்" என்பார்கள்.

ஜனீனின் ஜன்னலில் தன் முறை வந்ததும் மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டுவாள். நோட்டுகளை நீட்டிக்கொண்டே, "நான் வந்தாச்சுன்னு போட்டுக்க" என்பாள்.

"பணம் வந்தாச்சுன்னுதான் போட முடியும் மேவிஸ்."

"ரெண்டும் ஒண்ணுதானே. போடு."

திரும்பும் வழியில் சிப்ஸ் கடையில் ஒரு பொரித்த உருளைக்கிழங்கு வடையை ரொட்டிக்குள் வைத்து வாங்கி, பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தின்பாள். கடற்காகங்கள் கிட்டே வந்தால் பல்லைக் காட்டி விரட்டுவாள்.

குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் டைரக்ட் டெபிட்டுக்கு மாறிவிட்டார்கள். ஒரே ஒரு கையெழுத்து. பிறகு மாதம் பிறந்ததும் வங்கியே வாடகையை எடுத்து நகராட்சிக்குக் கட்டிவிடும். வரிசை இல்லை, மழை இல்லை, மறதியும் இல்லை. நீங்கள் ஏன் மாறவில்லை என்று யாராவது கேட்டால், "என் பர்ஸுக்குள்ள என் கை மட்டும்தான் போகும்" என்று வெட்டிவிடுவாள். அது ஊருக்குச் சொல்கிற காரணம். ஒரு காலத்தில் இந்த டைரக்ட் டெபிட்டை வாய் ஓயாமல் புகழ்ந்தவளே அவள்தான். தான் மட்டும் வரிசையை விடமாட்டாள். மற்றவர்களை விடச் சொல்லுவாள். அவள் பேச்சைக் கேட்டு மாறியவர் எதிர்வீட்டு நெவில் ஸ்டாதர்ஸ்.

நெவில் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வாயைத் திறந்தால் காசு செலவாகும் என்பது போலப் பேசுவார். திங்கட்கிழமைகளில் மேவிஸுக்குப் பின்னால் நிற்பார், படியில் அவள் பையைத் தூக்கிக்கொள்வார், பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொரித்த வடை தின்பார். இருவருக்கும் நடுவில் என்னவென்று ஊர் கேட்டது. நடுவில் இருந்தது ஒரு பொட்டலம் சிப்ஸ்தான். அது போதும் என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும்.

பிறகு அவருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்தது. ஓர் இலையுதிர் காலத்தில் மேவிஸே அவரை வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இந்தக் காலை வெச்சுக்கிட்டு பனியில வழுக்கி விழணும்னு வேண்டுதலா? கையெழுத்தைப் போடுங்க. அதுபாட்டுக்குப் போவும்."

நெவில் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "அப்ப திங்கக்கிழமை நான் என்ன செய்யறது?"

"கால்மேல கால் போட்டுக்கிட்டு டீ குடிங்க. ராஜா மாதிரி."

கிறிஸ்துமஸுக்கு விட்பியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாகவும், குளிர் விட்டதும் திரும்புவதாகவும் சொல்லியிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. போய்விட்டார் என்று மேவிஸ் நினைத்துக்கொண்டாள். வழக்கம்போல் எதற்கோ முறுக்கிக்கொண்டு வரவில்லை என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நகராட்சி எதையும் நினைக்கவில்லை. மாதம் பிறந்ததும் வாடகை வந்துகொண்டிருந்தது.

டைரக்ட் டெபிட்டில் பாக்கியில்லாமல் கட்டுபவர்களுக்கு நகராட்சி ஒரு குலுக்கல் நடத்தும். பரிசு விழுந்தவரின் பெயரை 'நல்ல வாடகைதாரர்' என்று தலைப்பிட்டு, குடியிருப்புச் செய்தித்தாளில் போடுவார்கள். பிப்ரவரி இதழில் நெவில் ஸ்டாதர்ஸ் பெயர் வந்தது. பரிசு ஒரு கூடை நிறையப் பலகாரம். மேவிஸ் செருப்பைக்கூட மாட்டாமல் எதிர்க்கதவுக்கு ஓடினாள். தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கி, "நெவில்! பேப்பர்ல பேரு வந்திருக்கு, பெரிய மனுஷரே! கூடையில பாதி எனக்கு, சொல்லிட்டேன்!" என்று கத்தினாள். பதில் இல்லை. "அக்கா வீட்டுல மீன் தின்னு ஊதிக் கிடக்கறாரு" என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

மார்ச்சில் ஆண்டுதோறும் நடக்கும் எரிவாயுச் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். கதவு திறக்காததால் சட்டப்படி பூட்டை உடைத்தார்கள். அவர் விட்பிக்குப் போகவே இல்லை. கட்டிவைத்த பெட்டி கதவோரத்தில் நின்றது; பக்கத்தில் நாற்காலியில் கோட்டு மாட்டியபடி அவர் இருந்தார். மேவிஸ் கத்தியபோதும் அங்கேதான் இருந்தார்.

வாடகை நின்றிருந்தால் ஜனீன் போன் போட்டிருப்பாள். போனை எடுக்காவிட்டால் ஆள் வந்து கதவைத் தட்டியிருப்பார்கள். பாக்கி இல்லாத மனிதனின் கதவை யார் தட்டுவார்கள்? இதை மேவிஸ் ஜனீனிடம் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். "நான்தான கண்ணு அவரை வரிசையிலேர்ந்து எடுத்தேன்" என்றாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். ஜனீன் ஜன்னலை மூடிவிட்டு வெளியே வந்து அவளை அணைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அதற்குப் பிறகு எப்போதாவது ஒரு திங்கட்கிழமை மேவிஸ் வேண்டுமென்றே வாடகை கட்டப் போகமாட்டாள். உதட்டுச்சாயம் பூசி, கோட்டைப் பூட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். மறுநாளே மணி அடிக்கும்.

"என்ன மேவிஸ், வாடகை வரலையே?"

"அட, மறந்தே போச்சு கண்ணு."

"பொய். நல்லா இருக்கீங்கல்ல?"

"இருக்கேன், இருக்கேன்." அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

போன வருடம் வாடகை ஜன்னல்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. சமூகக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, அட்கின் என்ற புது அதிகாரி மென்மையாகவே பேசினார். எல்லோரும் டைரக்ட் டெபிட்டுக்கு மாறினால் மிச்சமாகும் பணத்தில் கூரை ஒழுக்கை அடைக்கலாம் என்றார். கீழ்த்தளத்து ஷெல்லி எழுந்து ஆதரித்தாள். அவள் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்பவள். "ராத்திரி பூரா நின்னுட்டு வந்து காலையில உங்க வரிசையில வேற நிக்கணுமா? தூங்கிப் போயிட்டா பாக்கின்னு கடுதாசி. எனக்கு இது வேணும், அவ்வளவுதான்." அவள் சொன்னதில் தப்பே இல்லை. மேவிஸும் தலையை ஆட்டினாள்.

அட்கினுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மாறுறவங்களுக்கு நல்ல வாடகைதாரர் பரிசும் உண்டு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார் சிரித்துக்கொண்டே.

கூடத்தில் தேநீர்க் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மேவிஸ் முன்னிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் பரிசு எங்க மாடியில ஒருத்தருக்கு விழுந்துச்சு சார். நல்லவருதான். ஒரு மாசம்கூடத் தவறல. செத்துப் போயும் தவறல." "பணம் வந்தா போதும்ங்கறீங்க. நான் வரலைன்னா யாருக்குத் தெரியும்? அதை மட்டும் சொல்லுங்க. நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அட்கின் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். "இதைக் குறிச்சுக்கறேன், மிஸஸ் கோல்டஸ்" என்றார். பாவம், வேறென்ன சொல்வார்?

கை தூக்கச் சொன்னபோது ஷெல்லி மேவிஸைப் பார்க்காமல் தூக்கினாள். பெரும்பாலான கைகள் மேலே போயின. வெளியே வரும்போது ஷெல்லி அவள் கையைப் பிடித்து, "நான் வேலைக்குப் போறப்ப உங்க கதவைத் தட்டிட்டுப் போறேன்" என்றாள். சொன்னபடியே சில வாரம் தட்டினாள். பிறகு அவளுக்குத் தோட்டம் வைத்த வீடு கிடைத்து ஊரின் அந்தப் பக்கம் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மேவிஸுக்கு மனம் வரவில்லை.

ஜன்னல்களை மூடினார்கள். ஜனீனை வாகன அபராதப் பிரிவுக்கு மாற்றினார்கள். மாறாதவர்கள் தொலைபேசியில் எண்களை அழுத்திக் கட்டிக்கொள்ளலாம் என்றது நகராட்சி. மேவிஸ் மாறவும் இல்லை, கட்டவும் இல்லை. வாடகைப் பணத்தை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த வாரம் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அடிக்கவில்லை. மாடியில் யாராவது ஏறிவரும் சத்தம் கேட்டால் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பாள். காலடி வேறு கதவுக்குப் போய்விடும்.

ஒரு பிற்பகல், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்தாள்.

"வணக்கம். ஸ்கார்ன்பி நகராட்சியிலிருந்து அழைக்கிறோம்" என்றது ஒரு பெண் குரல். இனிமையான குரல்.

"அப்பாடா, கூப்பிட்டியா கண்ணு? நான் இருக்கேன். நல்லா இருக்கேன். நீ யாரு, புதுசா?"

"உங்கள் வாடகைக் கணக்கு தொடர்பான செய்தி இது. நீங்கள் திருமதி மேவிஸ் கோல்டஸ் என்றால், எண் ஒன்றை அழுத்தவும்."

"நான்தாம்மா. மேவிஸ்தான் பேசறேன்."

"நீங்கள் திருமதி மேவிஸ் கோல்டஸ் என்றால், எண் ஒன்றை அழுத்தவும்."

மேவிஸ் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, போனை வெளிச்சத்தில் பிடித்து ஒன்றை அழுத்தினாள். அதற்குக் கேட்டதோ என்னவோ என்று, இன்னொரு முறையும் அழுத்தினாள்.