குளிர்ந்த தொட்டியின் காவல் மீன்

ஈழத்தில் போர் முடிந்த அந்த வைகாசியில் நான் டென்மார்க்கின் ரண்டர்ஸிலிருந்து நாற்பது நிமிடம் கார் ஓட்டி, கடலோர ஊரொன்றின் மீன் காட்சிச்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொட்டிகளைத் துடைப்பதும் தீனி போடுவதும் என் பொறுப்பு. என் தம்பி வன்னியில், கடலுக்கும் படையினருக்கும் நடுவே ஒடுங்கிப்போன மணல் திட்டில் இருந்தான். அவன் உயிரோடு வெளியே வருவானா என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு கேள்வி இருக்கவில்லை.

மூலைத் தொட்டியில் ஐந்து டாம்சல் மீன்கள் இருந்தன. விரல் நீளம், சாம்பல் படிந்த நீலம். அவற்றின் உறவினம் பெரும்பாலும் வெப்பக்கடலின் பவளப் பாறைகளில் பகட்டாக வாழ்வது. இவையோ குளிர்ந்த கரையோரப் பாறைகளைச் சேர்ந்தவை. அவற்றுக்காக ஒரு குளிரூட்டி ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசியில் இரண்டு நிமிடம் கிடைத்தபோது, வேறெதைச் சொல்வதென்று தெரியாமல் இதைத்தான் தம்பியிடம் சொன்னேன்.

"மீனுக்கு ஏசியோ? அக்கா, உன்ரை முதலாளியிட்டைச் சொல்லு, இஞ்சை ஒரு மெலிஞ்ச மீன் கிடக்குது, தீனிகூடக் கேளாது எண்டு."

"பகிடியை விடடா. உன்ரை பிள்ளையள் என்னமாதிரி?"

"பங்கருக்குள்ளை இருக்கினம்…" என்றான். தொடர்பு அறுந்தது. அதன்பின் மூன்று வாரம் அழைப்பே வரவில்லை.

அந்த நாட்களில் மூலைத் தொட்டியின் ஆண் மீன் ஒரு பாறை முகத்தைப் பாசி நீக்கித் துப்புரவாக்கியது. பெண் அதில் முட்டைகளை ஒட்டிவிட்டு விலகிப் போனது. இந்த இனத்தில் காவல் ஆணுக்கே உரியது. அது செட்டையால் விசிறியபடி நின்றது. கண்ணாடியைத் துடைக்க இறங்கிய என் விரலைப் பாய்ந்து கடித்தது. நான்காம் நாள் முட்டைப் பரப்பின் ஓரம் தேய்ந்திருந்தது. ஐந்தாம் நாள் பாதியைக் காணவில்லை. வேறு மீன் எதுவும் அண்டியதாகத் தெரியவில்லை.

"தகப்பன்தான் தின்கிறான்," என்றார் பொறுப்பாளர், இளைப்பாறும் வயதிலிருந்த டேனிஷ்காரர். "மிச்சமிருப்பதைக் காத்தும் பயனில்லை என்றால் இப்படித்தான். நாளைக்கு ஒன்றும் இராது."

அன்று மாலையும் தொலைக்காட்சியில் மணல் திட்டின் வரைபடம் வந்தது. முந்தைய நாளைவிடச் சிறுத்திருந்தது.

மறுநாள் பாறை வெறுமையாக இருந்தது. மீன் மற்றவற்றோடு சேர்ந்து தீனிக்கு வந்தது. பதினொரு மணியளவில், மூன்று மணிவரை தொழிற்சாலையில் இருக்கவேண்டிய என் கணவர், வேலைச் சப்பாத்துடன் தொட்டிகளுக்கிடையே வந்து நின்றார்.

"இஞ்சரும், சாப்பிட்டீரோ?"

எங்கள் வீடுகளில் இழவுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்வதில்லை. கேட்டவர் அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு வாயில் எதையும் வைக்கமாட்டார் என்பதால், முதலில் நாலு வாய் உண்ண வைப்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன் நானே ஒரு சிநேகிதிக்குப் புட்டுக் குழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவளுடைய அண்ணனைப் பற்றிச் சொல்லியிருந்தேன்.

"இல்லை," என்றேன். "மீனுக்குப் போட்டிட்டு வாறன்."

"ஓம், ஆறுதலாச் செய்யும். நான் நிக்கிறன்."

எதற்கும் அவசரப்படுத்தும் மனிதர் அவர். நான் பன்னிரண்டு தொட்டிகளுக்கும் தீனி போட்டேன். காலையில் துடைத்த கண்ணாடிகளை மீண்டும் துடைத்தேன். பிறகு செய்ய வேலை எதுவும் மீதமிருக்கவில்லை.

காருக்குள் அவர் பெற்றோல் நிலையத்தில் வாங்கிய பணிஸ் ரொட்டியைக் கடதாசி பிரித்து நீட்டினார். நான் மென்றுகொண்டிருக்கும்வரை அவர் பேசமாட்டார். ஆகவே சிறிது சிறிதாகக் கிள்ளி, ஒவ்வொன்றையும் நீண்ட நேரம் மென்றேன். கடைசித் துண்டை விழுங்கியதும், அவர் என் கையிலிருந்த கடதாசியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.