கென்ஜேகானின் நாற்காலியில் வேறொருத்தி

ஊல்போல்சுன் எங்கள் பள்ளியில் சேர்ந்தது 1991 செப்டம்பர் 2. இருபத்திரண்டு வருடம் பதினோராம் வகுப்பின் உயர்நிலை இலக்கியப் பிரிவு அவர் கையில்தான் இருந்தது. வீட்டுக்கு நாலாவது பெண். அடுத்ததாவது மகனாகட்டும் என்று, எங்கள் மொழியில் அதே பொருள் தரும் அந்தப் பெயரை வைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, "என்னைக் கூப்பிடும்போதெல்லாம் எங்கப்பா என் தம்பியைத்தான் கூப்பிட்டாரு. இதுலயிருந்து ஆரம்பிக்கலாம்" என்பார்.

நாடகம் படிக்கும்போது ஆண் வேடத்தைப் பெண்களுக்கும் பெண் வேடத்தைப் பையன்களுக்கும் கொடுப்பார். அவருடைய கடைசி வகுப்பில் மல்யுத்தம் பழகும் மாணவன் கூபாத், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் தாயின் ஒப்பாரியை முதல் நாள் வாசித்தபோது வகுப்பே சிரித்தது.

"சிரிச்சு முடிச்சாச்சா? மறுபடி படி" என்றார்.

ஏழாவது தடவையில் யாரும் சிரிக்கவில்லை.

2014 பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை, அந்த வகுப்பிலிருந்து வீடு திரும்பிய கென்ஜேகானைப் பக்கத்து ஊரில் ஒரு டிராக்டர்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வயது பதினாறு. அடுத்த நாள் முதல் அவள் வரவில்லை. பத்து நாள் தொடர்ந்து வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அவர்கள் வீடு தேடிப் போய் விசாரிக்க வேண்டும். அவளைத் திரும்பக் கொண்டுவர இருந்த ஒரே வழி அதுதான். ஊல்போல்சுன் தன் பதிவேட்டில் தினமும் "வரவில்லை" என்று எழுதினார். பள்ளியின் தலைமைப் பொறுப்பிலிருந்த இயக்குநர் தாஷ்தான்பெக் மேலே எதையும் அனுப்பவில்லை.

மார்ச் 12 அன்று திறந்த பாடம். மாவட்டத்திலிருந்து மூன்று பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்; அவர்கள் மதிப்பீட்டைப் பொறுத்தே ஆசிரியரின் தகுதி நிலை உயரும். தலைப்பு: கவிதையிலும் நாடகத்திலும் பெண். தலைப்பைத் தேர்ந்தெடுத்தது இயக்குநர்.

முந்தின நாள் அவரே வகுப்புக்கு வந்து ஒத்திகை நடத்தினார். "எல்லாரும் கையைத் தூக்கணும். பதில் தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. ஊல்போல்சுன் அக்கா வலது கையைப் பார்த்துக் கேப்பாங்க." பிறகு காலி நாற்காலியைப் பார்த்தார். "இது பல் விழுந்த வாய் மாதிரி இருக்கு. பத்து பி-யில பெகாயிம் நல்லா இருப்பா, அவளை உட்கார வைங்க."

"அது கென்ஜேகான் இடம்" என்றார் ஊல்போல்சுன்.

"ஒரு மணி நேரத்துக்கு இவதான் கென்ஜேகான். அக்கா, உங்களுக்கு முதல் நிலைத் தகுதி வேணுமா வேணாமா?"

மாலையில் ஊல்போல்சுன் பள்ளி எழுத்தரான என் அறைக்கு வந்து, வேடப் பட்டியலை நான்கு பிரதி தட்டச்சு செய்து தரச் சொன்னார். மணமகள் என்ற இடத்துக்கு நேரே கென்ஜேகான் என்று இருந்தது.

"அக்கா, இது சரிதானா?" என்றேன். வயதில் மூத்தவனானாலும் ஆசிரியையை நானும் அக்கா என்றுதான் அழைப்பேன்.

"ஒரு எழுத்தும் மாத்தாதீங்க பெரியவரே."

மறுநாள் காலை கூபாத் எழுந்து முறைப்படி அறிவித்தான்: "பதினாலு பேர். எல்லாரும் வந்திருக்கோம்." சொன்னபோது தரையைப் பார்த்தான். பிறகு வாசித்தான்:

"வாசல் தாண்டும் என் குட்டியே,
திரும்பி மட்டும் பார்க்காதே.
பார்த்தால் நான் கூப்பிடுவேன்,
கூப்பிட்டால் ஊர் என்னைப் பேசும்."

மாவட்டக் குழுவின் தலைவி சல்கினாய் கைக்குட்டையை எடுத்தார். பட்டியலைப் பார்த்து, "கென்ஜேகான், இப்ப மகளோட பதிலை நீ படி கண்ணு" என்றார்.

பெகாயிம் எழுந்தாள். கையில் தாள் இல்லை. இயக்குநரைப் பார்த்தாள், ஊல்போல்சுனைப் பார்த்தாள், அழுதாள். "நான் கென்ஜேகான் இல்ல. நான் பத்து பி."

"அப்ப அவ எங்க?"

"கட்டிக்கொடுத்துட்டாங்க" என்றான் கூபாத். "அவ வராம நேத்தோட இருபது பள்ளி நாளாச்சு. இன்னைக்கோட இருபத்தொண்ணு."

சல்கினாய் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "குழந்தை பயந்துடுச்சு. உட்காரும்மா. அடுத்த கேள்விக்குப் போகலாம்." தன் தாளில் "வருகை 14" என்று எழுதினார். குறிப்பெடுக்க நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், பார்த்தேன்.

பகலில் இயக்குநர் அறையில் ஆடு வெட்டிய விருந்து. வழக்கப்படி தலைவிக்கு உரிய எலும்பு அவர் தட்டில். "அந்தப் பையன் படிச்சப்போ அழுதுட்டேன் போங்க" என்று கொழுப்பை உறிஞ்சினார். ஊல்போல்சுன் உள்ளே வந்து பதிவேட்டைத் தட்டுகளுக்கு நடுவே விரித்தார்.

"பார்த்தேன்னு கையெழுத்துப் போடுங்க. அது போதும். போட்டா நாளைக்கே உங்க அலுவலகம் அவ வீட்டுக்கு ஆள் அனுப்பியாகணும்."

"சாப்பிடற இடத்துல இதென்னம்மா? உங்க பாடம் அருமை. மிகச் சிறப்புன்னு எழுதியிருக்கேன்." அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் தள்ளினார். ஓரத்தில் கொழுப்புக்கறை பதிந்தது. மற்ற இருவரும் குழம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

"அப்ப உங்க அழுகையையும் துடைச்சுட்டுப் போங்க" என்று ஊல்போல்சுன் வெளியேறினார்.

அவருக்குத் தகுதி கிடைத்தது; ஆனால் ஏப்ரலில் இரண்டாம் வகுப்புக்குக் கையெழுத்துப் பயிற்சி சொல்லித்தர மாற்றினார்கள். கொழுப்புக்கறைப் பதிவேட்டுக்குப் பதில், கென்ஜேகான் எல்லா நாளும் வந்ததாக ஒரு புதிய பதிவேடு எழுத என்னிடம் சொன்னார்கள். நான் எழுதவில்லை, இன்னொருவர் நாற்பது நிமிடத்தில் எழுதி முடித்தார். அவளுடைய தேர்வுத் தாள்களையும் அவரே எழுதியிருக்க வேண்டும். பழையது என் அலமாரியில் இருக்கிறது.

ஜூன் 20. கென்ஜேகானின் சான்றிதழை வாங்க அவள் மாமியார் என் அறைக்கு வந்தார். இலக்கியம்: ஐந்துக்கு ஐந்து.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் மாமியார்.

கையில் சாக்பீஸோடு ஊல்போல்சுன் வாசலில் நின்றார். "அவ வந்து போடட்டும்."

"பசு கறக்கணும், அவளுக்கு நேரமில்ல."

"அப்ப சான்றிதழுக்கும் நேரமில்ல. பெரியவரே, குடுக்காதீங்க."

விதிப்படி சான்றிதழ்ப் பதிவேட்டில் மாணவிதான் கையெழுத்திட வேண்டும். நான் கொடுக்கவில்லை. மறுநாள் கென்ஜேகான் வந்தாள். தலையில் முக்காடு, விரல்களில் வெடிப்பு. மாமியார் பக்கத்திலேயே நின்றார்.

"மதிப்பெண் அஞ்சாமே" என்று கென்ஜேகான் சிரிக்கப் பார்த்தாள். "நான் எப்ப எழுதினேன் அக்கா?"

"எப்ப வரைக்கும் வந்தேன்னு மட்டும் எழுது" என்றார் ஊல்போல்சுன்.

மாமியார் அவள் முழங்கையைத் தொட்டார். கென்ஜேகான் பேனாவை விடவில்லை. கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்: "பிப்ரவரி 14 வரை வந்தேன். அதன் பிறகு என்னை வர விடவில்லை."

ஊல்போல்சுன் அதை இரண்டு முறை படித்தார். சாக்பீஸ் தூசி படியாமல் பக்கத்தை ஊதிவிட்டு, இரண்டாம் வகுப்புக்குத் திரும்பிப் போனார்.