முதல் கட்டத்தில் அப்பாவின் பெயர்

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், புத்தகமே இல்லாத பிரிவில் எனக்கு வேலை. பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதியது, வரைந்தது, ஆடியது, அளந்தது எல்லாம் கணினியில் வந்து சேரும் இடம் அது. காகிதத்தில் அதற்கு எண்மக் களஞ்சியம் என்று பெயர், நாங்கள் ரெப்போ என்போம். சொந்தக்காரர்களிடம் விளக்கிப் பார்த்து அலுத்துவிட்டேன். லைப்ரரியில் இருக்கிறேன் என்றால், "அப்ப நல்லா உக்காந்து படிக்கலாம்" என்பார்கள். படிக்க நேரம் ஏது? வருவதைப் பதியவே நேரம் போதவில்லை.

என்னென்னவோ வரும். செம்பனைக் குலையை எப்போது வெட்டினால் எண்ணெய் கூடும் என்று ஒரு முனைவர் பட்ட ஆய்வு வரும். அதற்கு அடுத்ததைத் திறந்தால் சதுப்புக் காட்டுத் தவளைகள் கத்தும். யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து பதிவு செய்த ஒலி அது. கோழித் தீவன அட்டவணைகள், மலிவு வீடுகளின் வரைபடங்கள், மாநாட்டில் ஒட்டிய சுவரொட்டிகள், ஒரு மாணவர் புல்லாங்குழலுக்கு எழுதிய இசைக்குறிப்பு, ஒரு களிமண் சிலையைச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள். அந்தச் சிலைக்கும் எத்தனை பக்கம் என்று படிவம் கேட்கும். ஒன்று என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். ஒருமுறை ஒரு பேராசிரியர் ஆய்வுப் படங்களோடு பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படங்களையும் அனுப்பிவிட்டார். அவற்றையும் ஒழுங்காகப் பதிந்துவிட்டு, மறுநாள்தான் விழித்துக்கொண்டு எடுத்தேன்.

தவளையோ சிலையோ, எதையும் ஒரே படிவத்துக்குள் அடக்கிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தப் படிவத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

அதில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவதில் குடும்பப் பெயர், இரண்டாவதில் சொந்தப் பெயரின் முதல் எழுத்து. மலாய்க்காரர்களின் பெயர்களை என் மலாய்த் தோழிகள் பதிந்தார்கள். அவர்கள் படிவத்தைச் சட்டை செய்யவில்லை, முழுப் பெயரையும் முதல் கட்டத்திலேயே போட்டுவிட்டு இரண்டாவதைக் காலியாக விட்டார்கள். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது, தொல்லை இல்லை. நம்மவர்களின் பெயர்கள் என் மேசைக்கு வந்தன. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஐசியில், அதாவது அடையாள அட்டையில், நம் பெயர் இருக்கும், அப்புறம் மகன் அல்லது மகள் என்று குறித்திருக்கும், அதற்கப்புறம் அப்பாவின் பெயர். நான் அப்பாவின் பெயரை முழுதாக முதல் கட்டத்தில் போட்டேன். பிள்ளையின் பெயரை ஒரே எழுத்தாக்கி இரண்டாவதில் போட்டேன். அப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டு ஆய்விதழ்களில் பார்த்து, நம்முடையதும் அப்படி இருந்தால்தான் மதிப்பு என்று நானாகவே முடிவுசெய்தேன். பல வருடம் அப்படியே ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாட்டியம் சொல்லித்தரும் ஒப்பந்த விரிவுரையாளர் ஒருத்தி வந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு நிரந்தர வேலைக்கான நேர்முகம். ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, அதற்குமேல் நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"அக்கா, பேனல் செக்ரட்டரி ரெப்போல என் பேரு போட்டுத் தேடினாங்களாம். ஒண்ணுமே வரலையாம். படைப்பு ஸீரோன்னு ஷீட்ல போட்டுட்டாங்க. நான் ஒம்பது ஐட்டம் குடுத்திருக்கேன் லா."

ஒழுங்காக அனுப்பியிருக்க மாட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்கள் பதியும் முறையில் தேடிப் பார்த்தால் ஒன்பதும் இருந்தன. முதுகலை ஆய்வேடு, பிரிக்பீல்ட்ஸ் அரங்கில் ஆடிய மூன்று நாட்டியங்களின் காணொளிகள், அவற்றின் மேடை அமைப்புப் படங்கள், கிள்ளானில் காவடி ஆடுகிறவர்களின் கால் அசைவை அளந்த அட்டவணை, இன்னும் சில. திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"இதோ இருக்கே."

"இது எங்கப்பா பேரு."

"ஆமா, அப்படித்தான் போடுவோம். சிஸ்டம் அப்படி."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் ஸ்கூல்ல பாரம் டூ படிக்கறப்ப அவர் வீட்டை விட்டுப் போனாரு அக்கா. திரும்பி வரவே இல்ல. எங்கம்மா தெலுக் பங்லிமா காராங்ல ஒரு ஃபேக்டரியில நின்னுக்கிட்டே வேலை செஞ்சாங்க. எனக்குச் சலங்கை வாங்கக்கூட ஓவர்டைம் பார்த்தாங்க. இதுல அவர் பேரு முழுசா இருக்கு. நான் ஒரே ஒரு எழுத்தா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். சிஸ்டத்தின் மேல் பழியைப் போட்டது எனக்கே கூசியது. நான் போட்டதைத்தானே அது காட்டியது? ஒரு மனுஷியின் பத்து வருட உழைப்பை அவள் பெயரைப் போட்டால் கிடைக்காதபடி செய்துவைத்தவள் நான்.

பதிந்ததைத் திருத்துவதற்குப் பிரிவுத் தலைவியின் கையெழுத்து வேண்டும். அவர் மலாய்க்காரர், மரியாதைக்குப் புவான் என்று கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னேன்.

"மற்ற இந்தியர்கள் பெயர்?" என்று மலாயில் கேட்டார்.

"எல்லாம் இப்படித்தான், புவான்."

"யார் சொல்லி?"

"நானாகத்தான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதைவிட மோசமாக, என் பெயர் ஐசியில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "உன்னை இங்கே யாராவது உன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவளுடையதை உடனே மாற்ற வேண்டும், மற்ற எல்லாவற்றையும் இந்த வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றார்.

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒன்பதையும் திருத்தினேன். பெயர் எப்படி வர வேண்டும் என்று கேட்டேன்.

"என் பேரு முன்னால வரணும், முழுசா. அவர் பேரு பின்னால இருந்துட்டுப் போகட்டும்."

புதுப் பட்டியலை அச்சடித்து, நேர்முகக் குழுவின் செயலாளருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். முதலில் தொழில்நுட்பக் கோளாறு என்று தட்டினேன். பிறகு அதை அழித்துவிட்டு, பதிவு செய்தவரின் தவறு என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். அதை எழுதக் கை வரவில்லைதான்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அக்கா, வேலை கிடைச்சிருச்சு. அம்மாகிட்ட சொன்னேன், ஃபேக்டரி கான்டீன்லயே அழுதுட்டாங்களாம்." வீடு திரும்பும் ரயிலில் இருந்தேன். சாலாக் செலாத்தானில் இறங்கும்வரை அதை மூன்று முறை கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பின் மற்றவர்களின் பெயர்களைத் திருப்பிப் போடும் வேலையில் உட்கார்ந்தேன். சலிப்பான வேலை, ஆனால் வாயை மூடிக்கொண்டு செய்தேன். பாதி முடிந்திருந்தபோது ஒரு நாள் மேசைத் தொலைபேசி அடித்தது. வயதான ஆண் குரல், தமிழ்.

"அம்மா, லைப்ரரிங்களா? உங்க இதுல என் பேருல ஒரு பக்கம் இருந்துச்சு. போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தேன். இப்பத் தொறந்தா ஒண்ணுமே இல்ல."

"என்ன ஆய்வு செஞ்சிருந்தீங்க, அங்கிள்?"

"நான் லோரி ஓட்டுனவன்மா. ஆய்வெல்லாம் இல்ல. ஒரு நாளு சும்மா என் பேர அடிச்சுப் பார்த்தேன். என் மக ஆடுற வீடியோ வந்துச்சு."

யார் என்று புரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஃபேக்டரியில் நின்ற கால் ஒருத்தியுடையது, வீட்டில் சாய்ந்துகொண்டு பார்த்த சுகம் இவருக்கா? அடக்க முடியாமல், "நேர்ல போய்ப் பார்த்திருக்கலாமே" என்று கேட்டேவிட்டேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா?"

பக்கம் அழியவில்லை, பெயரை மாற்றிப் பதிந்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

"என் பேர எடுத்துட்டாளா?"

"எடுக்கல அங்கிள். அவங்க பேரு முன்னால, உங்க பேரு பின்னால."

"அவதான் அப்படிப் போடச் சொன்னாளா?"

எங்கள் அலுவலக விதி என்று சொல்லியிருக்கலாம். அதிலும் பொய் இல்லை. ஆனால் சொல்ல மனம் வரவில்லை.

"ஆமா அங்கிள். அவங்கதான் சொன்னாங்க."

அந்தப் பக்கம் காகிதம் தேடும் சத்தம் கேட்டது.

"சரிம்மா," என்றார். "அவ பேர எங்க அடிக்கணும்னு சொல்லு."