சூட்டுப் பாயைத் தடவும் மிரான்

காலணியைக் கழற்றியதும் ஓக் மிரான் வணக்கம் சொல்வதில்லை. நேரே நோயாளியிடம் போய், போர்வைக்கு அடியில் கையை விட்டுப் பாயைத் தடவுவாள். கடலோரச் சொக்சோ ஊரில் பாதி வீடுகளில் அவளுக்கு மரியாதை தெரியாது என்று பெயர். மீதி வீடுகளில் இன்னும் யாருக்கும் புற்றுநோய் வரவில்லை.

வீடு வீடாகப் போய், புற்றுநோயாளிகளுக்குத் தரும் அபின் வகை வலி மருந்தைக் கவனிக்கும் மருந்தாளர் அவள். முதல் கேள்வியே, "வெளிக்குப் போனாரா?" இந்த மருந்து தரும் குமட்டல் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் விருந்துக்கு வந்த மைத்துனன் போலக் கடைசிவரை தங்கும். யாராவது முகம் சுளித்தால், "இப்ப வெட்கப்படுங்க. அடுத்த வாரம் வயிறு பேசும்" என்பாள்.

அன்று பாங் தொக்சுவின் வீடு. கணவாய் மீன் பிடிக்கும் படகில் காலம் தள்ளியவர்; கணையத்தில் புற்று. வலிக்காக மார்பில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது. மனைவிக்கு ஒரே பெருமை.

"நேத்திலிருந்து என்னமா தூங்குறாரு தெரியுமா, பொண்ணே. குளிருமேன்னு மின்பாயை முழுச் சூட்டுல வெச்சேன்."

பாய் மிரானின் கையைச் சுட்டது. பட்டையில் சூடு பட்டால் மருந்து மளமளவென்று உள்ளே இறங்கும். மூளை மூச்சு விடவே மறக்கும். அவர் கண்மணிகள் கடுகாகச் சுருங்கியிருந்தன. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு குடும்பச் சண்டையைத் தொடங்கி முடித்துவிடலாம்.

பட்டையை உரித்தாள். பாயை அணைத்தாள். மருத்துவரை அழைத்துவிட்டு அவர் தோளை உலுக்கினாள். "ஐயா, மூச்சை இழுங்க. பாசத்துல உங்களை வேக வெச்சுட்டாங்க."

மகன் கதவருகே நின்று சொன்னான்: "போதை மருந்துன்னு அப்பவே சொன்னேன். இனி ஒட்டவே வேணாம். அப்பா அதுக்கு அடிமையாயிடுவாரு."

"ஆமா தம்பி, அப்பா படிப்பு கெட்டுடும். மருந்தை நிறுத்திடலாம். ராத்திரி அவர் வலியில கத்துறப்ப நீங்க பக்கத்துல உக்காந்து ஒழுக்கம் சொல்லிக்குடுங்க."

மருத்துவர் வந்து முறிமருந்து ஊசி போட்டார். ஊசியின் வேகம் சீக்கிரம் அடங்கும். தோலுக்கடியில் தங்கிய மருந்து அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அதனால் மிரான் நகரவில்லை. அவர் மூச்சு தடுமாறும்போதெல்லாம் அதட்டினாள்.

சாயங்காலம் தொக்சு முனகிக்கொண்டே வயிற்றைப் பிடித்தார். மகன் மெதுவாகக் கேட்டான்: "புதுப் பட்டை எப்ப ஒட்டலாம்?"

"டாக்டர் அளவு சொல்லட்டும். ஒழுக்கம் அவ்வளவுதானா, தம்பி?"

தொக்சு கண் திறந்தார். "எவ அவ, பாயை அணைச்சது? கால் விறைக்குது."

மனைவியின் கை மின்பாயின் விசையை நோக்கி நீண்டது. மிரான் அதைத் தட்டிவிட்டாள். தன் கம்பளிக் காலுறைகளை உருவி அவர் கால்களில் மாட்டினாள். பிறகு வெறுங்கால்களைக் காலணிக்குள் நுழைத்துக்கொண்டு பனியில் இறங்கினாள்.