எட்டாவது டபிள்யூ

எவுலாலியா பரகான் பன்னிரண்டு வருடமாகக் கல்லூரியில் படிக்கிறாள் என்றால், பெரிய படிப்பாளி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மடேரா என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில், ஊரின் இரண்டாண்டுக் கல்லூரியில் பருவத்துக்கு ஒரு பாடம், இரண்டு பாடம் என்று படித்துக்கொண்டு வந்தாள். அதிலும் ஏழு பாடங்களை நடுவழியில் இறக்கிவிட்டாள். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒன்று, இளைய மகள் வயிற்றில் இருந்தபோது ஒன்று, வாத்தியாரின் சிரிப்பு பிடிக்கவில்லை என்று ஒன்று. பாதியில் விட்டால் மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ என்று ஓர் எழுத்து விழும், அவ்வளவுதான். "அதையெல்லாம் எவன் பாக்கறான்?" என்பது அந்தக் கல்லூரியில் எல்லாரும் சொல்வது. அவள் கணவன் இலாரியோ அவளுக்கு டபிள்யூ மகாராணி என்று பட்டமே கொடுத்திருந்தான்.

இந்த மார்ச்சில் பல்கலைக்கழகம் அவளுக்கு நேராக மூன்றாம் ஆண்டில் இடம் கொடுத்தது. கணக்கு டீச்சர் ஆவதற்கான படிப்பு. ஆகப்போகிற கணக்கு டீச்சருக்கு, இந்தப் பருவத்தில் படிக்கிற கால்குலஸில் இதுவரை வந்த அதிகபட்ச மார்க் அறுபத்தொன்று. கடைசிப் பரீட்சையில் எழுபது வாங்கினால்தான் தேறுவாள்.

"விட்டுத் தொலை கிழவி. இடந்தான் கெடச்சாச்சே," என்றான் இலாரியோ.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். புதன்கிழமை ஆலோசகர் தலீனின் அறையில் தலையை மட்டும் நீட்டி, "கால்குலஸை விடப்போறேன், சும்மா சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றாள்.

"உள்ள வந்து உக்காருங்க," என்றாள் தலீன். "இடம் குடுத்தப்ப இந்தப் பாடத்தை முடிச்சுட்டு வர்றேன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. அவங்களைக் கேக்காம விட்டா இடத்தையே எடுத்துடுவாங்க."

"ஃபெயிலானா?"

"அப்பவும் எடுத்துடுவாங்க."

எவுலாலியா அங்கேயே உட்கார்ந்து, விடலாமா என்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். பாடத்தை விடுவதற்குக் கடைசி நேரம் வெள்ளி மாலை ஐந்து மணி. வியாழன் போனது, பதில் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஓட்டம் முடிந்து, டெப்போவில் காலிப் பேருந்தின் ஸ்டியரிங் முன்னாலேயே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு ஐம்பது. நாலு ஐம்பத்தாறு. விட்டால் இடம் போனாலும் போகும், தோற்றால் கட்டாயம் போகும். புத்தியுள்ள எவளும் விட்டிருப்பாள். ஆனால் ஏழு முறை யோசிக்காமல் போனில் அமுக்கிய 'விடு' பொத்தானை எட்டாவது முறை அமுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. மணி ஐந்தடித்தது.

திங்கள் காலை பதில் வந்தது. கோடையில் படித்து முடித்துக்கொள்ளலாம், இடம் அப்படியே இருக்கும், தாராளமாக விடலாம் என்று எழுதியிருந்தார்கள். டெப்போவே திரும்பிப் பார்க்கும்படி ஸ்பானிஷில் அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

இனி வேறு வழி இல்லை, படித்தாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட இலாரியோ தினமும் விடியற்காலையில் அவள் கணக்குக் குறிகளை எழுதி வைத்த அட்டைகளைத் தூக்கிக் காட்டிக் கேள்வி கேட்டான்.

"கிழவி, பாம்பு நிமிந்து நிக்கற மாதிரி ஒண்ணு இருக்கே, அதுக்கு என்ன?"

"அது இன்டெக்ரல் குறி. அட்டையைத் தலைகீழாப் புடிச்சிருக்கே கிழவா."

"பாம்பு எப்படிப் புடிச்சாலும் பாம்புதானே!"

அடுப்பில் பீன்ஸ் கருகிய வாசனை வரும்வரை இது நடக்கும். பரீட்சைக்கு இருந்த ஐந்து வாரமும் அந்த மனுஷன் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை.

பரீட்சையில் எழுபத்திரண்டு வந்தது. தேறிவிட்டாள். அன்று மாலை வாசற்படியில் பீர் பாட்டிலைத் திறந்துகொண்டே இலாரியோ கேட்டான்: "அந்தக் கடுதாசி வெள்ளிக்கிழமையே வந்திருந்தா விட்டிருப்பியா?"

பெருமையாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் எவுலாலியா வாயைத் திறந்தாள்.

"சத்தியமா விட்டிருப்பேன்," என்றாள். "எனக்கு இது வரும்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும், கிழவா." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.