வாசலில் நின்ற பூட்ஸ்

பேத்தி கால்பந்தாட்டம் முடிந்து நேராக மாதா கோயிலுக்கு வந்தாள். வாசலில் எங்கள் செருப்புகளோடு தன் பூட்ஸையும் கழற்றி வைத்தாள். என்னால் உள்ளே கால் வைக்க முடியவில்லை.

அரியலூரில் ரயில்வே துரை பங்களாவில் அப்பா சமையல்காரர். துரைக்குச் சொந்த ஊர் வேல்ஸ். முதல் யுத்தத்துக்குப் பிறகு அங்கே கோல் போடுவதில் பேரெடுத்தவராம். முட்டி உடைந்ததும் ரயில்வேக்கு வந்துவிட்டார். நான் பார்க்கும்போது நொண்டித்தான் நடந்தார். ஆனாலும் சனிக்கிழமைதோறும் தான் பந்தாடிய பழைய பூட்ஸுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவுவார். வராந்தா முழுக்க அந்த வாடைதான்.

"யாரு போடப்போறான்னு இத்தனை பாடு?" என்பாள் அம்மா.

"அவரு காலு அதுலதான் இருக்கு. சும்மா இரு," என்பார் அப்பா.

இரண்டாம் யுத்தம் முடிந்த வருஷம் துரை காய்ச்சலில் படுத்தார். பூட்ஸைச் சவப்பெட்டியில் தன் காலடியில் வைக்கச் சொன்னார்.

"வச்சிடறேங்க," என்றார் அப்பா.

அடக்கத்தன்று பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த அப்பா, கோயில் வாசலில் தன் செருப்பைக் கழற்றினார். கூடவே பூட்ஸையும் கீழே வைத்தார். காலில் போடுவது எதையும் உள்ளே கொண்டுபோய்ப் பழகாதவர். பூசை முடிந்ததும் பெட்டியை மூடி, பக்கவாசல் வழியாகக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். மண் தள்ளிவிட்டுத் திரும்பினோம். செருப்புகளுக்கு நடுவே பூட்ஸ் பளபளவென்று நின்றது.

"மறந்துட்டேனேடா," என்றார் அப்பா, என்னிடம். அதற்குப்பின் அவர் செருப்பே போடவில்லை.

"உன் பூட்ஸைக் கையில எடுத்துக்கிட்டு வாம்மா," என்றேன் பேத்தியிடம்.

"கோயிலுக்குள்ளயா தாத்தா?"

"ஆமா. உள்ளதான்."