எடுக்கக் கூடாத டெலிபோன்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே ஒரு தொழிலுக்குச் செய்தி எந்த வழியாகப் போக வேண்டும், போன செய்தியை யார் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று திட்டம் போட்டு ஓட்டிக் காட்டியவன் நான். சமீபத்தில் என் ஆபீசில் கம்ப்யூட்டர் வைக்க வந்தவர்கள், நெட்வொர்க், சாப்ட்வேர் என்று படம் வரைந்து எனக்குப் பாடம் நடத்தினார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதையெல்லாம் எழுபதுகளிலேயே ஒரு டெலிபோனையும் நாலு தகரத் துண்டையும் வைத்து நடத்தியாகிவிட்டது என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நாலு லாரி. ஆபீஸ் இராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில். லாரி நிற்கும் ஷெட் திருவொற்றியூரில். எண்ணூர்ப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அவர்களுக்குக் கப்பலில் கந்தகம் வரும். கந்தகத்தைக் கப்பலடியிலிருந்து நேராக ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோக வருஷ ஒப்பந்தத்துக்கு ஆள் தேடினார்கள். நானும் கேட்டேன், என்னைவிடப் பெரிய லாரிக்காரர் ஒருவரும் கேட்டார். அவருக்கு ஆபீசிலும் போன், ஷெட்டிலும் போன். எனக்கு ஆபீசில் மட்டும்தான். ஷெட்டுக்கு எழுதிப் போட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தேன். அந்தக் காலத்தில் போன் கிடைப்பது அப்படித்தான்.

ஆலையின் ஆபீசர் ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். கூப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் லாரி துறைமுகக் கேட்டில் நிற்க வேண்டும், ஷெட்டில் போன் இல்லாமல் எப்படிச் செய்தி சொல்வீர்கள் என்று கேட்டார். நான் சாக்பீஸ் எடுத்து ஆபீஸ் தரையிலேயே வரைந்து காட்டினேன்.

ஷெட்டை ஒட்டி ஒரு மரக்கடை. அதன் முதலாளி தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் கடையில் போன் உண்டு, சன்னலோரத்தில். அந்தச் சன்னலுக்கு வெளியே என் ஷெட். நான் அவர் நம்பரைச் சுற்றுவேன். ஒரே மணி அடித்ததும் வைத்துவிடுவேன். அது 'நான்தான்' என்று அர்த்தம். உடனே மறுபடி சுற்றுவேன். இந்தத் தடவை எத்தனை மணி அடிக்கிறதோ அத்தனை லாரி வர வேண்டும். யாரும் எடுக்கக் கூடாது. எடுக்காத போனுக்குச் சர்க்காருக்கு ஒரு பைசா கிடையாது. அண்ணாச்சிக்கும் தொந்தரவு இல்லை. அதற்குப் பதிலாக அவருடைய மரத்தை என் வண்டி அவ்வப்போது ஏற்றிக் கொடுக்கும்.

சன்னலுக்கு வெளியே உட்கார்ந்து மணியை எண்ணுவது என் பெரிய டிரைவர். வியாசர்பாடிக்காரன், ஒரு காலத்தில் குத்துச்சண்டை போட்டவன். அவனுக்கும் எழுத்து வராது. அதனால் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு தகரத் துண்டு வெட்டி, அதிலும் லாரியின் முகப்பிலும் ஒரே படம் எழுத வைத்தேன். மீன், நங்கூரம், கிளி, தாமரை. சன்னலோரம் ஒரு பலகை. அதில் ஷெட்டுக்கு ஒரு ஆணி, துறைமுகத்துக்கு ஒரு ஆணி, எண்ணூருக்கு ஒரு ஆணி. மணி மூன்று அடித்தால் ஷெட் ஆணியில் மேலே தொங்கும் மூன்று தகரமும் துறைமுக ஆணிக்கு மாறும், அந்த மூன்று வண்டியும் கிளம்பும். யார் முறை என்று டிரைவர்களுக்குள் சண்டையும் கிடையாது.

ஆபீசர் சாக்பீஸ் கோட்டைச் சுற்றி வந்து பார்த்தார். முதல் கப்பலில் பார்க்கிறேன், சரியாக நடந்தால் ஒப்பந்தம் உங்களுக்கு என்று போய்விட்டார். தூங்காமல் யோசித்தேன். ரயில்வே கேட் மூடினால் எந்தத் தெரு வழியாகச் சுற்றுவது, மழைக்கு எத்தனை தார்ப்பாய், பெரிய வெள்ளிக்கு யார் வேலை செய்வது, எல்லாம் யோசித்து வைத்தேன். நான் கோயில்தெருக் கத்தோலிக்கன். ஆயுத பூஜைக்கு வண்டியெல்லாம் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் மாலை வாங்கிக் கொடுப்பவனே நான்தான். கப்பல் பூஜைக்கு இரண்டு நாள் கழித்துத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

கப்பல் ஆயுத பூஜை அன்றைக்கே வந்து கரையில் கட்டிவிட்டது.

மத்தியானம் ஆபீசர் நேராக என் ஆபீசுக்கு வந்தார். வேறொரு கப்பல் சீக்கிரம் கிளம்பியதால் இடம் கிடைத்துவிட்டதாம். வடக்கே மேகம் இறங்கி நின்றது. கந்தகம் நனையக் கூடாது, துறைமுக ஷெட்டில் இறக்கி வைக்கவும் இடமில்லை. "மூணு லாரி. இப்பவே கூப்பிடுங்க, நான் பார்க்கிறேன்" என்று நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

நான் சுற்றினேன். எங்கேஜ்ட். அண்ணாச்சி யாரோடோ பேசுகிறார் என்று வைத்தேன். மறுபடி சுற்றினேன். எங்கேஜ்ட். காதை விட்டு எடுக்காமல் இன்னும் இரண்டு தடவை. பூஜை நாளில் மரக்கடை மூடியிருக்கும், அங்கே இத்தனை நேரம் யார் பேசுவது? சைக்கிளில் ஆள் அனுப்பினால் போய்ச் சேரவே பாதி நேரம் போய்விடும்.

"மணி போகுதா?" என்றார் ஆபீசர்.

"லைன் கொஞ்சம் பேஜாரா கீது சார்."

"எனக்கு பேஜார் பார்க்க நேரமில்லை. இல்லைன்னா இந்த போன்லேயே அவங்களைக் கூப்பிட்டுடறேன். அவங்க ஷெட்ல போன் இருக்கு." சொல்லிக்கொண்டே என் போனின்மேல் கையை வைத்தார். என் போனில், என் மேசையில், என் கண் முன்னால் என் எதிரிக்கு ஒப்பந்தம் போகப்போகிறது.

அவர் கையை மெதுவாக நகர்த்திவிட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் புகார் நம்பரைச் சுற்றினேன். ஒரு அம்மா எடுத்தார். அண்ணாச்சி நம்பரைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மா பார்த்துவிட்டு வந்து, யாரும் பேசவில்லை, ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருக்கிறார்கள் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டிக்குப் பூஜை போடுவார்கள், தராசுக்குப் போடுவார்கள், ரம்பத்துக்குப் போடுவார்கள். அண்ணாச்சிக்கு போனும் ஆயுதம்தானே! அத்தனை யோசித்த என் மூளைக்கு இது எட்டவில்லை.

ஏதாவது வழி உண்டா தாயி என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். ரிசீவர் வழியாக ஊளைச் சத்தம் அனுப்ப முடியும், ரொம்பப் பெரிய சத்தமாக இருக்கும், பரவாயில்லையா என்றார்.

"உடு தாயி. நல்லா உடு."

ஆபீசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு?"

"எக்ஸ்சேஞ்சு சார். லைன் கிளியர் பண்ணிகினு கீறாங்கோ."

"இதுவும் உங்க திட்டத்துல இருக்கா?"

"கீது சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

அங்கே நடந்ததைப் பெரிய டிரைவர் பிறகு சொன்னான். அண்ணாச்சி ஒரு மனைப்பலகையில் தராசு, ரம்பம், அளவுகோல் எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறார். போனைத் துடைத்துச் சந்தனம் வைத்து ஒரு வாழையிலையில் வைத்தவர், ரிசீவரும் தனி ஆயுதம் என்று அதற்கு வேறு இலை போட்டுத் தனியாகப் பொட்டு வைத்துவிட்டார். கற்பூரத் தட்டைக் கையில் எடுக்கும்போது ரிசீவர் ஊளையிட ஆரம்பித்திருக்கிறது. நாய் அழுகிற மாதிரி, நிற்காமல். கூடியிருந்தவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். அண்ணாச்சி தட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டு, "ஏவே, இது என்னன்னு வந்து பாரும்வே!" என்று சன்னல் வழியாகக் கூப்பிட்டிருக்கிறார். பெரிய டிரைவர்தான் உள்ளே ஓடி ரிசீவரைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தவன்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் மறுபடி சுற்றியபோது மணி போனது. ஒன்று. வைத்தேன். மறுபடி சுற்றி மூன்று எண்ணி வைத்தேன். "போயிட்ச்சு சார்" என்றேன்.

ஆபீசர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே, "உங்க மணி போய்ச் சேர்ந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பூஜை போட்ட சாமானை மறுநாள் காலைவரை தொடமாட்டார்கள். மணி கேட்டாலும் வண்டியை எடுப்பார்களா? எடுக்கமாட்டோம் என்றால் அதையாவது சொல்ல அவர்களுக்கு வழி வைத்தேனா? என் திட்டத்தில் செய்தி ஒரு பக்கம்தான் ஓடும்.

துறைமுகக் கேட்டுக்கு நடந்தோம். அவர் குடையை ஊன்றி நின்றார். நான் வடக்கே பார்த்து நின்றேன். தூரத்தில் எந்த லாரி தெரிந்தாலும் மீன் படமா, கிளிப் படமா என்று கண்ணை இடுக்கினேன். ஒவ்வொன்றும் வேறு யாருடையதோவாக இருந்தது. ஆபீசர் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்கு முகத்தில் அறைவது போல இருந்தது. ஒரு துளி என் கையில் விழுந்தது.

முதலில் வந்தது வாழைக்கன்று. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை ஆட, கண்ணாடியெல்லாம் சந்தனத்தோடு மீன் வண்டி வந்தது. பின்னாலேயே நங்கூரம். பெரிய டிரைவர் இறங்கினான். அவன் சீட்டுக்குப் பக்கத்தில் பூஜைத் தட்டு, பொரி, பூசணிக்காய் அப்படியே இருந்தன.

"பூஜை இன்னாச்சுடா?" என்றேன்.

"பாதியில கீது நைனா. கப்பல் நிக்குமா நமக்கோசரம்? தட்டையும் ஏத்திகினு வந்துட்டேன். எண்ணூர்ல எறக்கிட்டு கற்பூரம் காட்டிக்கலாம்."

கிளி வண்டி ரயில்வே கேட்டில் மாட்டி, நேரம் தாண்டித்தான் வந்தது. ஆபீசர் அதையும் பார்த்தார், வாழைக்கன்றையும் பார்த்தார். தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதை நின்று சரிபார்த்தார். கடைசியில், இந்தக் கப்பல் உங்களுக்கு, வருஷ ஒப்பந்தம் இப்போது இல்லை என்றார். "அடுத்த கப்பலுக்கு முன்னாடி, போன மணிக்கு பதில் வரணும்."

"வரும் சார்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலை அண்ணாச்சியிடம் போனேன். மணி அடித்த பிறகு யாராவது திருப்பி ஒரு மணி அடிக்க வேண்டும், பூட்டிய கடைக்குள் அடிக்கடி ஆள் நுழைய அவர் விடுவாரா என்று தயங்கித்தான் வாயைத் திறந்தேன். அவர் போன் பக்கமே திரும்பவில்லை. அது வாழையிலையிலேயே இருந்தது.

"அந்தச் சனியனை நான் தொடமாட்டேன்வே. என் கண்ணுல படாம நீரே வச்சுக்கிடும். எனக்குப் போன் வந்தா உம்ம ஆளை விட்டுச் சொல்லி அனுப்பும்" என்றார்.

அன்றைக்கே போன் சன்னல் கம்பிக்கு வெளியே, ஷெட் பக்கத்து மாடத்துக்கு வந்தது. பெரிய டிரைவருக்கு டயலில் என் நம்பரை எப்படிச் சுற்றுவது என்று, துளைக்குத் துளை வண்ணப் பொட்டு வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பிற்பாடு அந்த ஆலை வேலை முழுக்க என்னிடம்தான் இருந்தது. அதை இராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதற்கு முன்னால் அடுத்த கப்பல் வந்தது. ஆபீசர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒரு மணி, பிறகு நாலு மணி அனுப்பிவிட்டு ரிசீவரை வைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் போனைப் பார்த்தார், நானும் போனைப் பார்த்தேன். வெளியே கைவண்டி ஒன்று கடந்து போனது.

மணி அடித்தது. ஒன்று. நின்றது.

நான் எடுக்கவில்லை. ஆபீசர்தான் தலையாட்டினார்.